தெரிந்து கற்றல்

ஒரு நூலைத் தனியே இருந்து படிப்பதால் வரும் பயன் ஒன்று. பலர் கூடியிருந்து படிப்பதால் வரும் பயன் மற்றொன்று. தனியே படிப்பவர் தம் அறிவு சென்ற அளவே நூலின் பொருளைக் காண்பர். கூடிப் படிப்பவரோ தாம் காணாததைப் பிறர் காட்டக் காண்பர். தாம் தவறாகக் கொண்ட பொருளைப் பிறர் திருத்தத் திருந்துவர். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் மாலை வேளையில் ஒருவர் இராமாயணமோ பாரதமோ படிக்க, மற்றொருவர் பொருள் விரித்துரைக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்பது தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். எழுத்தறியாதாரும் அங்கே நூலறிவு பெற்றனர். இக்காலத்தில் பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் அமைந்துள்ள வாசகர் வட்டங்கள் அப்பழைய மரத்தின் புதிய கிளைகளே ஆகும்.

கூடிப் படிப்பதற்கு முன்னே செய்து முடிக்க வேண்டிய செயல் ஒன்று உண்டு. எந்த நூலைப் படிப்பது என்று தெரிந்தெடுத்தலே அச்செயல். அடுக்கில் கைக்கு எட்டிய நூலை எடுத்துக்கொண்டு வருவது தெரிவு ஆகாது. பலரும் புகழ்கின்றனர் என்பது ஒன்றே பற்றி ஒரு நூலை எடுப்பதும் தெரிவு ஆகாது. தனியொருவர் தமக்காகத் தவறிய நூலை எடுத்தால் அவருடைய சில நாள்கள் வீணாகும். வட்டத்தின் பொருட்டுத் தவறிய நூலை எடுத்தாலோ பலருடைய நாள்கள் வீணாகும். அவருள் சிலர், 'படிப்பு நமக்கு ஏலாது' என்று எண்ணி நூல் நிலையத்தின் வாயிலையே மறந்துவிடவும் கூடும். ஆதலின் நூலைத் தெரிந்தெடுப்பவர் மேற்கொள்ளும் பொறுப்புச் சிறியதன்று.

என்னென்ன நூல்களைப் படித்தீர் என்னும் ஒரு வினா ஒருவருடைய வாழ்க்கையையும், அவர் வழியாக ஒரு மொழியின் வரலாற்றையும் மாற்றியதுண்டு. 1880-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அப்போது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடம் கேட்டவர் அவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று அவர் கற்றிருந்த நூல்களின் தொகை பெரிது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார்.

முதலியார் ஐயரை நோக்கி, யாரிடம் கற்றீர், எவ்வெந் நூல்களைக் கற்றீர் என்று வினவினார். ஐயர் தாம் கற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அந்த நெடிய பட்டியலைக் கேட்டும் முதலியார் வியப்படையவில்லை. இவற்றால் என்ன பயன் என்னும் பொருள்படவே அவருடைய மறுமொழி அமைந்தது. அந்நூல்களுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, அவர் சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் குறிப்பிட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை; அவற்றின் பிரதிகளைக் கண்டதும் இல்லை.

கற்றவர் என்று ஊரார் போற்றும் ஓர் ஆசிரியர்க்கு இத்தகைய வினா சினத்தை மூட்டியிருக்கலாம். ஐயர்க்கோ அது நாட்டத்தை மூட்டியது. முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தார்; அதனைப் பாடம் கேட்கவும் விரும்பினார். ஐயர் படிக்கத் தொடங்கினார். சிந்தாமணி சைன சமயக் காப்பியம். அதில் வரும் சைன நெறி பற்றிய சொற்கள் பல அவர்க்கு விளங்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிச் செல்லும் பண்பு அவரிடம் இருந்தது. அவ்வூரில் வாழ்ந்த சைனரை அவர் நாடினார். சந்திரநாதச் செட்டியார் என்பவர் அவர்க்கு ஐயம் அகற்றித் துணை நின்றார்.

அங்கே ஐயர் கண்ட காட்சி கருதத்தக்கது. தமிழ் வித்துவான்கள் பலரும் மறந்துவிட்ட அக்காப்பியத்தைச் சைனர்கள் கூடியிருந்து படித்து வந்தனர்; நூல் நிறைவுற்ற நாளை ஒரு விழாவாகவே கொண்டாடினர். கற்றோர் அவையில் வழக்கொழிந்திருந்த நூல் ஒரு சிறு வட்டத்தின் நடுவே உயிரோடு இருந்தது! அவர்கள் அதனைத் தெரிந்தெடுத்துப் படியாதிருந்தால், ஐயர் கேட்டறிய வேண்டிய பொருள்கள் பல கிடையாமலே போயிருக்கும்.

ஐயர் ஏட்டுச்சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கி, 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. இவ்வளவிற்கும் வித்திட்டது முதலியார் கேட்ட அந்த வினா. அவர் எத்தனை நூல் படித்தீர் என்று கேட்கவில்லை. எந்த நூல் படித்தீர் என்றே கேட்டார். எண்ணிக்கையைக் கடந்து பயனை நோக்குவதே நூல் தெரிவின் முதற்படி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஐயர் 1903-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றுத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். 1942-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் அரிதின் முயன்று தொகுத்த சுவடிகளும் நூல்களும் சிதறிப் போகாவண்ணம், 1943-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு நூல் நிலையம் தோன்றியது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அதற்கு மூல காரணராக இருந்தார். பெசன்ட் நகரில் உள்ள அந்நூல் நிலையத்தில் ஐயரின் கைபட்ட ஏடுகளை இன்றும் காணலாம்.

ஐயர் பணிபுரிந்த அதே மாநிலக் கல்லூரியில் பிற்காலத்தில் கணிதம் கற்பித்தவர் எஸ். ஆர். அரங்கநாதன். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பெற்றார். மாணவர் சூழ்ந்த வகுப்பறையில் பழகியவர்க்கு, வருவார் குறைந்த நூல் நிலையத்தின் தனிமை தொடக்கத்தில் சுவைக்கவில்லை. பின்னர் இலண்டன் சென்று நூலகக் கலை பயின்றார். அந்நாட்டுப் பொது நூல் நிலையங்களில் குழந்தைகளும் தொழிலாளரும் பெண்டிரும் உரிமையோடு நுழைந்து நூல் பெற்றுச் செல்வதை அவர் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை மாற்றிற்று. 1925-ஆம் ஆண்டில் திரும்பி வந்த பின்பு, தம் வாழ்நாள் முழுவதையும் நூலகத் தொண்டிற்கே அவர் உரிமையாக்கினார்.

அரங்கநாதன் 1931-ஆம் ஆண்டில் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வெளியிட்டார். உலக முழுவதும் நூலகர்கள் இன்றும் அவற்றைப் போற்றுகின்றனர். அவற்றின் கருத்து வருமாறு: நூல்கள் பூட்டிக் காப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே உள்ளன; வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்கு ஏற்ற நூல் கிடைத்தல் வேண்டும்; நூல் ஒவ்வொன்றும் தனக்கு உரிய வாசகரை அடைதல் வேண்டும்; வாசகருடைய காலம் வீணாகலாகாது; நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது. கேட்பதற்கு மிக எளிய இவ்விதிகள், வாசகர் வட்டத்திற்கு நூல் தெரிவோர்க்கும் வழிகாட்டுவன. அவற்றுள்ளும் இரண்டாம் மூன்றாம் விதிகள் நூல் தெரிவின் இரு கண்கள் எனலாம்.

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அவை வெளிவந்த 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் ஒரு நூல் நிலையத்தை அமைத்தார். அதனைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதனே. நூலைத் தேடி வர இயலாத சிற்றூர் மக்களைத் தேடி நூல்கள் சென்றன. வண்டியில் ஏற்றக்கூடிய நூல்களுக்கோ ஓர் அளவு உண்டு. உழவர்க்கு வேண்டுவது யாது, பெண்டிர்க்கு வேண்டுவது யாது, சிறுவர்க்கு வேண்டுவது யாது என்று எண்ணிப் பார்த்தே வண்டியை நிரப்புதல் வேண்டும். இடம் குறையும்போது தெரிவின் அருமை மிகும்.

அரங்கநாதன் முதலியோர் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக, தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. வீட்டுவரியோடு சேர்த்துத் தண்டப்பெறும் நூலக வரி, பொது நூலகங்களை நடத்த உதவுகிறது. ஆகவே கிளை நூலகத்தின் அடுக்கில் உள்ள ஒவ்வொரு நூலும் ஊரார் பொருளால் வாங்கப்பெற்றது. அதனைக் கடனாகப் பெறுதல் பிறர் இரங்கித் தரும் உதவி அன்று, குடிமக்களின் உரிமை. உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. அக்கடமையுள் தலையாயது நன்கு தெரிந்தெடுத்தல்.

இனி, எவ்வாறு தெரிவது என்பதனை ஆராய்வோம். இதற்கு அயலார் நூல்களை நாட வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரமே போதிய வழி காட்டுகிறது. ஒரு நூலுக்கு முன்னே நிற்கும் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளை உணர்த்தல் வேண்டும் என்பது இலக்கணம். நூலின் பெயர், அதனை ஆக்கியவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, தொகுக்கப்பெற்ற முறை, எடுத்துக்கொண்ட பொருள், அதனைக் கேட்டற்கு உரியவர், கேட்டலால் எய்தும் பயன் என்பன அவை. இக்கால நூல்களின் தலைப்புப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் ஆகியவை இச்செய்திகளைத் தருவனவே. நூல் நிலையத்தில் நின்றபடியே இவற்றைக் கால் மணி நேரம் புரட்டிப் பார்ப்பவர், அந்நூல் தம் வட்டத்திற்கு ஏற்றதா என்பதைப் பெரும்பாலும் அறிந்துகொள்வர். முன்னுரையைப் படியாமல் நூலை எடுப்பது, பெயரும் ஊரும் கேளாமல் ஒருவரை விருந்துக்கு அழைப்பது போன்றது.

அவ்வெட்டனுள்ளும் 'கேட்போர்', 'பயன்' என்னும் இரண்டையும் வாசகர் வட்டத்தார் மறத்தலாகாது. நூல் சிறந்ததாக இருக்கலாம். ஆனால் கேட்போர்க்கு அது பொருந்துமா என்பதே வினா. மயிலாப்பூரில் ஒரு பள்ளி மாணவர் பன்னிருவர் கூடி ஒரு வட்டம் அமைக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவருள் நால்வர் பெரிய நாவல்களையும் சில நாளில் படித்து முடிப்பவர். ஐவர் பாடநூலும் நாளிதழும் அன்றி வேறு படித்துப் பழகாதவர். இருவர் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுபவர். தமிழை எழுத்துக் கூட்டி மெல்லப் படிப்பவர். ஒருவர் கண் பார்வை இல்லாதவர். இப்பன்னிருவர்க்கும் பொருந்த ஒரு நூலைத் தெரிவது எளிதா?

இவ்விடத்தில் வட்டங்கள் பல செய்யும் பிழை ஒன்று உண்டு. விரைந்து படிக்கும் நால்வரே உரக்கப் பேசுவர். அவர் விரும்பிய நூலே முடிவாகும். மற்ற எண்மரும் வாய் திறவாமல் தலையசைப்பர். இரண்டு கூட்டம் வருவர். மூன்றாம் கூட்டத்தில் அவர்தம் இருக்கைகள் வெறுமையாக இருக்கும். பின்பு, அவர்க்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று அந்நால்வரும் குறை கூறுவர். ஆர்வம் இல்லாமை அன்று, அவர்க்குரிய நூல் கிடையாமையே காரணம். அரங்கநாதனின் இரண்டாம் விதி மீறப்பெற்றது என்பதை அவர் உணரார்.

வாக்கெடுத்து முடிவு செய்யலாமே என்று சிலர் கருதக்கூடும். ஒருமுறை செய்வதற்கு அது தக்கதே. ஒவ்வொரு முறையும் அவ்வாறே செய்தால், பன்னிருவருள் எழுவர் விரும்பியதே எப்போதும் வெல்லும். எஞ்சிய ஐவரின் விருப்பம் ஒருநாளும் நிறைவேறாது. ஆதலின் முறை வைத்துத் தெரிதலே நேர்மையான வழி. ஒவ்வொரு திங்களும் ஒருவர் நூலைத் தெரிந்தெடுப்பார். தாம் அதனைத் தெரிந்ததன் காரணத்தைச் சில சொற்களில் அவர் வட்டத்தார்முன் கூறவேண்டும். 'பெரியோர் புகழ்ந்தனர்' என்பது காரணம் ஆகாது. 'இந்நூலில் இன்ன செய்தியை அறிய விரும்புகிறேன்' என்பதே காரணம் ஆகும். இவ்வாறு செய்தால் ஓராண்டில் பன்னிருவர்க்கும் முறை வரும். பேசாதிருந்தவர் பேசுவர், பேசியே பழகியவர் கேட்கப் பழகுவர்.

அடுத்து எழுவது பிரதிகளைப் பற்றிய இடர். கிளை நூலகம் ஒன்றில் ஒரே நூல் பன்னிரண்டு பிரதிகள் இருத்தல் அரிது. இரண்டோ மூன்றோ இருந்தால் அதுவே பெரிது. இவ்விடரைத் தீர்க்கச் சிறந்த வழி, ஒரு நூலைத் தெரியாமல் ஒரு பொருளைத் தெரிவதாகும். எடுத்துக்காட்டாக, தன்வரலாறு என்னும் பொருளைக் கொள்ளலாம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', திரு. வி. கலியாணசுந்தரனாரின் 'வாழ்க்கைக் குறிப்புகள்', நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் 'என் கதை' ஆகிய மூன்றையும் தெரிந்தெடுத்து, நூல் ஒன்றுக்கு நால்வராகப் பிரிந்து படிக்கலாம்.

கூட்ட நாளில் அம்மூன்று வாழ்க்கைகளும் ஒன்றையொன்று விளக்கும். ஒருவர் ஆசிரியரைத் தேடி அலைந்து கல்வி பெற்றவர். மற்றொருவர் இராயப்பேட்டையில் ஆசிரியராக இருந்து, பின்னர்ப் பத்திரிகையிலும் தொழிலாளர் இயக்கத்திலும் தொண்டாற்றியவர். இன்னொருவர் ஓவியராகவும் கவிஞராகவும் விளங்கி, நாட்டு விடுதலைக்குப் பாடியவர். மூவரும் ஒரே தமிழ்நாட்டை வெவ்வேறு பலகணிகளின் வழியே காட்டுகின்றனர். 'என் சரித்திரம்' 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, ஆசிரியர் மறைவால் நடுவே நின்றுபோன நூல். அது நின்ற இடத்தைக் கண்டவர், எஞ்சிய வரலாற்றை அறிய வேறு நூல்களைத் தாமே தேடிச் செல்வர். ஒரு நூல் மற்றொரு நூலுக்கு வழிகாட்டுவது தெரிவின் சிறந்த பயன்களுள் ஒன்று.

மெல்லப் படிப்பவரை வட்டத்தார் எவ்வாறு கருதவேண்டும்? கணக்கிட்டுப் பார்த்தால் வழி தோன்றும். நூல் 240 பக்கம் உடையது. ஒருவர் நாள்தோறும் 20 பக்கம் படிக்க வல்லார். அவர்க்கு 12 நாள் வேண்டும். 8 பக்கமே படிக்க வல்லவர்க்கு 30 நாள் ஆகும். நூலகம் குறித்த நாளுக்குள் அவர் முடிக்க இயலாது. அவர்க்குச் சிறுகதைத் தொகுதியையோ சிறு கட்டுரை நூலையோ தருவது அறிவுடைமை. தொகுதியில் இரண்டு கதைகளை முழுதும் படித்தவர், பெருநூலில் பாதியைப் படித்து விட்டவரைவிட நிறைவோடு கூட்டத்திற்கு வருவர். சில பகுதிகளைக் கூட்டத்திலேயே ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவதும் நன்று. முன்னோர் கண்ட முறை அதுவே.

கண் பார்வை இல்லாதவர்க்கும் இவ்வுரத்த படிப்பு உதவும். எனினும் பிறர் படிக்கக் கேட்பது மட்டும் அவர்க்குப் போதும் என்று எண்ணுதல் தகாது. தாமே படிக்கும் இன்பம் அவர்க்கும் உரியது. 2010-ஆம் ஆண்டில் கோட்டூர்புரத்தில் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் நூல்களுக்கென ஒரு பகுதி உண்டு. வட்டத்திற்குரிய பொருளைத் தெரியும்போதே, அப்பொருள் பற்றிய பிரெயில் நூல் அங்கு உள்ளதா என்று கேட்டறிதல் வேண்டும். தெரிந்து முடித்த பின்பு, 'உனக்கு இந்நூல் இல்லையே' என்று வருந்துவதில் பயன் இல்லை.

நூல் நிலையங்களின் வேற்றுமையையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். கிளை நூலகங்களும், அண்ணா சாலையில் உள்ள தேவநேயப் பாவாணர் நூலகமும் உறுப்பினர்க்கு நூல்களைக் கடனாகத் தருவன. எழும்பூரில் 1896-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகத்திலோ, கடன் தரும் நூல்களும் உண்டு. இருந்து பார்ப்பதற்கே உரிய நூல்களும் உண்டு. அடையாற்றில் கர்னல் ஆல்காட்டு 1886-ஆம் ஆண்டில் நிறுவிய நூல் நிலையமும், முன்னர்க் கூறிய சாமிநாதையர் நூல் நிலையமும் ஓலைச்சுவடிகளையும் அரிய நூல்களையும் பாதுகாப்பன. அரிய நூலை வீட்டிற்குக் கொண்டுசெல்ல வேண்டுவது முறையன்று. அங்கே சென்று, அடக்கத்தோடு கேட்டு, இருந்து படிப்பதே முறை. எந்நூல் எங்கே கிடைக்கும் என்பதை முன்னரே குறித்துக்கொண்டு செல்பவர் தம் காலத்தையும் நூலகர் காலத்தையும் காப்பர். இஃது அரங்கநாதனின் நான்காம் விதி.

நாவல்களைத் தெரியலாமா என்னும் ஐயம் சில பெரியோர்க்கு உண்டு. கதை படிப்பது காலத்தைக் கொல்வது என்பர். 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதனை எழுதிய வேதநாயகம் பிள்ளை நீதி வழங்கும் பதவியில் இருந்தவர். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே அவர் அதனை எழுதினார். 1960-களில் தியாகராய நகரில், தலைவர் சத்தியமூர்த்தியின் மகளாராகிய இலட்சுமி கிருஷ்ணமூர்த்தி 'வாசகர் வட்டம்' என்னும் பெயராலேயே ஒரு பதிப்பகம் நடத்தினார். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' போன்ற நல்ல நாவல்கள் அதன்வழி வெளிவந்தன. ஆகவே நாவல் என்பதனால் தள்ளவும் வேண்டா. காப்பியம் என்பதனால் கொள்ளவும் வேண்டா. படித்து முடித்தபின் பேசுவதற்கும் எண்ணுவதற்கும் ஏதேனும் எஞ்சி நிற்கிறதா என்பதே உரைகல்.

நன்னூல், மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றோடு ஒப்பிட்டுக் காட்டும். ஆடு ஒரு செடியில் நிறைய மேயாமல் செடிதோறும் ஓடி ஓடி நுனியைக் கடிக்கும். பத்து நூல்களை எடுத்து எதனையும் முடியாதவர் அதனை ஒப்பர். நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். நூலின் சிறப்பை விட்டு அச்சுப் பிழையை மட்டும் எண்ணிச் சொல்பவர் அதனை ஒப்பர். அன்னம் நீரை நீக்கிப் பாலைக் கொள்ளும்; பசு நிறைய மேய்ந்து பின்பு ஓரிடத்தில் இருந்து அசைபோடும். நூலைத் தெரியும்போது அன்னமாகவும், தெரிந்த நூலைப் படித்தபின் பசுவாகவும் இருப்பவரே வட்டத்திற்கு அணியாவர்.

இதுகாறும் வாசகரை நோக்கிக் கூறினோம். நூலை நோக்கியும் ஒரு கடமை உண்டு. பலரும் கேட்கும் நூல்களையே எல்லாரும் கேட்டால், மற்ற நூல்கள் அடுக்கிலேயே தூசி படிந்து மறையும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழிலினர் அவர். பெரும் புலவர் நூல்களோடு நில்லாமல், பிறர் எளியவை என்று ஒதுக்கிய நூல்களையும் நாடக அறிக்கைகளையும் பழைய இதழ்களையும் அவர் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992-ஆம் ஆண்டில் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் அத்தொகுதி சென்னைக்கு வந்து, 1994-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தரமணியில் உள்ள அந்நூலகத்தை நாடிப் பல நாட்டு அறிஞரும் வருகின்றனர். ஒருவர்க்குப் பயனற்றதாகத் தோன்றும் நூல் மற்றொருவர் தேடும் செல்வமாக இருக்கும். ஆகவே ஆண்டில் ஒருமுறையேனும், நெடுநாள் எவரும் எடுக்காத ஒரு நூலை வட்டத்தார் வேண்டுமென்றே தெரிந்தெடுத்தல் நலம். சிந்தாமணியைக் காத்து நின்ற கும்பகோணத்துச் சைனரின் பணிக்கு அஃது இணையாகும்.

வேண்டிய நூல் நூலகத்தில் இல்லையென்றால் வாளா இருத்தலும் கூடாது. நூலகரிடம் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுத்து, அதனை வாங்குமாறு வேண்டலாம். வேண்டியவை யாவும் உடனே வந்துவிடா. எனினும் கேட்பார் உள்ளனர் என்பதை நூலகர் அறிவார். நூலகம் வளரும் உயிர் என்னும் ஐந்தாம் விதி அத்தகைய வேண்டுகோள்களாலேயே உண்மையாகிறது.

கடனாகப் பெற்ற நூலில் கோடிடுதலும், பக்கத்தை மடித்தலும், குறித்த நாள் கடந்து வைத்திருத்தலும் அடுத்த வாசகருக்குச் செய்யும் தீங்காகும். அந்நூலுக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். அவர் பெயரை நாம் அறியோம். 1880-ஆம் ஆண்டில் முதலியார் தம் பிரதியைத் தம் பேழையிலேயே வைத்திருந்தால் தமிழகம் இழந்திருக்கக் கூடியதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவர் தம் தோழருடைய அறிவையும் விருப்பத்தையும் ஆற்றலையும் உணர்ந்து நூல்களைத் தெரிந்தெடுப்பாராக. தெரிந்தவற்றைக் கூடிக் கற்பாராக. கற்றவற்றைக் குறித்த நாளில் பிறர்க்கு விட்டுக்கொடுப்பாராக. அங்ஙனம் செய்யும் வட்டம் சிறியதாயினும், அதனால் நூலும் வாழும். நூலை நாடுவோரும் வாழ்வர்.